தரைத்தளத்தில் வீடு எடுக்கும் முன்: 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் நாங்கள் பட்டது

கிள்ளான்காரி

என் தங்கையோடு படித்த பெண் ஒருத்தி இந்த வருடம் மலேசியாவில் இருக்கிற எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போயிருக்கிறாள். போன வாரம் செய்தி அனுப்பினாள். "அக்கா, ஈக்காட்டுத்தாங்கல்ல வீடு கிடைச்சிருக்கு, தரைத்தளம், வாடகை ரொம்பக் குறைவு, எடுத்துக்கவா?" படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கேயும் போடுகிறேன். அவளைப் போல இன்னும் எத்தனை பேர் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

நான் 2014 முதல் 2016 வரை சென்னையில் எம்.எஸ்சி. படித்தேன். ஜாபர்கான்பேட்டையில், காசி தியேட்டரிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டின் தரைத்தளத்தில் மூன்று பேர் இருந்தோம். நான், தான்சானியாவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி, அப்புறம் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓடுவது அடையாறு என்பதே முதல் வருடம் முழுக்க எனக்குத் தெரியாது. நாற்றம் வரும், கொசு வரும். அது ஒரு ஆறு என்று வீடு காட்டிய புரோக்கரும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2015இல் தீபாவளியை ஒட்டி ஆரம்பித்த மழை நவம்பர் முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. கல்லூரியை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். மட்டக்களப்புப் பெண் நவம்பர் கடைசியில் ஊருக்குப் போய்விட்டாள். டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மழை பெய்த விதமே வேறு. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 34 சென்டிமீட்டருக்கு மேல் என்று அப்புறம்தான் படித்தேன். வீட்டுக்குள் இருந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்பது மட்டும்தான்.

சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டின பிறகு ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பெரிய தெருவில் போனது. மழைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. செம்பரம்பாக்கம் ஏரி, தண்ணீர் திறப்பு, கரையோர மக்கள், பாதுகாப்பான இடம். தோழி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களுக்குச் சொல்கிறார்கள், நமக்கில்லை என்றேன். தமிழ் தெரிந்த நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் படுக்கப் போனாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவளுக்கு மொழி தெரியாது, எனக்கு ஊர் தெரியாது. ஊர் தெரியாதவளுக்கு மொழி மட்டும் தெரிந்து என்ன பயன்?

நடுராத்திரி தாண்டி, ஒரு மணி இருக்கும், குளியலறையில் களகளவென்று சத்தம். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். எங்களுக்கு முதலில் வந்தது குளியலறைத் தரையில் இருக்கிற சாக்கடைத் துளை வழியாக. கறுப்பாக, குப்பென்று பொங்கியது. துணியை அடைத்து அதன் மேல் வாளியை வைத்தேன். வாளி மிதந்தது. அதற்குள் வாசல் பக்கமும் வர ஆரம்பித்துவிட்டது. கணுக்காலிலிருந்து முட்டிக்கு ஏற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜ் தானாகச் சாய்ந்தது. கேஸ் சிலிண்டர் மிதந்து கதவில் போய் மோதியது. கிரில் கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டிருந்தோம், பெண்பிள்ளைகள் தனியாக இருக்கிறோம் என்ற பயத்தில் தினமும் போடுகிற பூட்டு. சாவி மேசை மேலே இருந்தது, மேசை கவிழ்ந்துவிட்டது. இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் இருட்டில் ஒரு சாவியைத் தேடினோம்.

அப்போது வெளியில் யாரோ கத்துகிற சத்தம். "மலேசியா! ஏய் மலேசியா! உள்ள இருக்கியாம்மா?" தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அக்கா. தினமும் கல்லூரி விட்டு வரும்போது அவரிடம் ஒரு முழம் வாங்குவேன், ரெண்டு வார்த்தை பேசுவேன். அவருக்கு என் பெயர் தெரியாது, ஊர்தான் தெரியும். அவர் குடும்பமே வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் எங்கள் ஞாபகம் வந்து, மகனைக் கூட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் திரும்பி வந்திருக்கிறார். அந்தப் பையன் பெரிய கல்லால் பூட்டை அடித்து உடைத்தான். மாடிப்படி வீட்டுக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தது. அந்தப் பத்தடியைக் கடக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம், தண்ணீர் அப்படி இழுத்தது.

மேல்வீட்டில் மூன்று வீட்டு ஆட்கள், மொத்தம் பத்தொன்பது பேர், இரண்டு பகல் இரண்டு இரவு. மொட்டை மாடியில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக் காய்ச்சிக் குடித்தோம். மேல்வீட்டுப் பாட்டி தினமும் கஞ்சி வைத்து, என் தோழிக்குத்தான் முதலில் ஊற்றினார். அவள் முதல் நாள் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டாள், அப்புறம் கீழே விடவே இல்லை. பாட்டி தமிழில் பேசினார், இவள் சுவாஹிலியில் பதில் சொன்னாள். 3ஆம் தேதி மீனவர்கள் ஃபைபர் படகு கொண்டு வந்து எங்களை அசோக் பில்லர் பக்கம் இறக்கிவிட்டார்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் படகை ஏற்றி வந்தவர்கள். காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

கிள்ளானில் அம்மாவுக்கு 4ஆம் தேதி வரைக்கும் எந்தச் செய்தியும் இல்லை. செல்போன் டவர் எல்லாம் செத்துவிட்டது. விமான நிலையமே ஓடுபாதையில் தண்ணீர் ஏறி மூடிக் கிடந்தது, 6ஆம் தேதிதான் பயணிகள் விமானம் வந்தது. கடைசியில் ஒரு வீட்டில் பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்று பேசினேன். அம்மா எடுத்தவுடன் "பசியாறிட்டியா?" என்றார். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த ராத்திரியில் எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கல்லூரியில் விடுதிப் பிள்ளைகளைத்தான் எண்ணினார்கள், வெளியே தங்கியிருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டவர் தங்கினால் கொடுக்க வேண்டிய சி ஃபார்மைக் கொடுக்கவே இல்லை. தூதரகத்தில் பதிந்து வை என்று அப்பா சொன்னார், நான் செய்யவில்லை. ரேஷன் கார்டு இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை. எங்களைக் கணக்கில் வைத்திருந்தது அந்தப் பூக்கார அக்கா ஒருவர்தான்.

முடிச்சூர்க்காரன்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சகோதரி. அந்த வாரம் எங்களுக்கும் மறக்காது. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

2015 என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் என்கிறார்கள். உங்கள் ஜாபர்கான்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். அன்று படிப்படியாகக் கூட்டி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், அதைப் பற்றித் தணிக்கைத் துறையின் அறிக்கையே 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேருகிற இடம் திருநீர்மலைப் பக்கம். தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்குத் தென்மேற்கே, ஆற்றின் போக்கில் மேலே இருக்கின்றன. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். நவம்பர் 16ஆம் தேதியே ஒரு தடவை மூழ்கி, வீட்டைக் கழுவி, சாமான்களைக் காயவைத்து, மூச்சுவிடுவதற்குள் டிசம்பர் 1 வந்தது. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டுகூடத் திறக்காமல் இருந்திருந்தாலும் எங்கள் தெருவில் படகு போயிருக்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வருடமும் டிவியில் செம்பரம்பாக்கம் 22 அடி, 23 அடி என்று காட்டுகிறார்கள் (முழு உயரம் 24 அடி). அதைப் பார்த்துவிட்டு, இன்னும் திறக்கவில்லை, நமக்கு ஒன்றுமில்லை என்று தாம்பரம் பக்கம் இருக்கிறவர்கள் இருந்துவிடக் கூடாது. உங்கள் தெருவுக்கு எந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தெரு ஆட்களிடம் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். தாங்கல் என்றால் தண்ணீர் தேங்கி நின்ற இடம். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். ஏரி, குளம், ஓடை என்று பெயரில் இருந்தால் நம் முன்னோர்கள் சும்மா வைக்கவில்லை.

யாழ்_புதுசு

அக்கா, நான் யாழ்ப்பாணம். இந்த வருசம்தான் சென்னையில் சேர்ந்தேன். நானும் தரைத்தளத்தில்தான் இருக்கிறேன், நந்தம்பாக்கம் பக்கம். உங்கள் பதிவை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்கள் எல்லாம் என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லையே? வீட்டில் அப்பாவும் முதலில் அதைத்தான் கேட்டார்.

கிள்ளான்காரி

தம்பி, அது தனிக் கதை, அதனால்தான் விட்டேன்.

பாஸ்போர்ட் பீரோவின் கீழ்த் தட்டில், ஒரு துணிப்பையில் இருந்தது. 4ஆம் தேதி திரும்பி வந்து பார்த்தபோது பீரோ கதவே திறக்கவில்லை, சேறு அடைத்துக்கொண்டது. கடப்பாரை வாங்கி வந்து திறந்தோம். பாஸ்போர்ட் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, விசாப் பக்கத்தில் மை கரைந்துபோய் இருந்தது. முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அது இல்லாமல் மற்ற எந்த இடத்திலும் பேச முடியாது. அப்புறம் நம் நாட்டுத் தூதரகம். பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற அவசரச் சான்று அல்லது புதுப் பாஸ்போர்ட், எது வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். நான் போனபோது நேரில் வரிசையில் நின்றேன், இப்போது பெரும்பாலும் ஆன்லைன் என்கிறார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், பதிவு அலுவலகம் கொடுத்த சான்று, மூன்றுக்கும் படம் எடுத்து உன் மின்னஞ்சலில் ஒன்று, அப்பாவிடம் ஒன்று வைத்துவிடு. என்னிடம் விசாப் பக்கத்தின் நகல் இல்லாததால் எனக்கு இரண்டு மாதம் இழுத்தது.

சான்றிதழ்கள்தான் பெரிய அடி. அந்த டிசம்பரில் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம் போட்டு, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுத்தது, உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அது இங்கே வாங்கிய சான்றிதழ்களுக்கு. என் எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழுக்கு நான் மலேசியாவுக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. தோழிக்கு இன்னும் கஷ்டம், அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு வருடம் கழித்துத்தான் நகல் அனுப்பியது. லேமினேஷன் போட்டதுதானே என்று நம்பாதே, ஓரத்தில் தண்ணீர் ஏறி உள்ளே கறுத்துப்போகும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. அதை முதுகுப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடு. தலைக்கு மேல் உயரத்தில்.

ஓ.எம்.ஆர்_விடுதி

ஒரு சந்தேகம். இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கல்லூரி விடுதியிலேயே இருந்துவிடலாமே. விடுதி என்றால் ஜெனரேட்டர் இருக்கும், சாப்பாடு இருக்கும், வார்டன் இருப்பார்.

கிள்ளான்காரி

இருந்தால் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு விடுதிக் கட்டணம் பல இடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாங்குவதைப் போலப் பல மடங்கு. என் தோழி உதவித்தொகையில் படித்தவள், அந்தக் காசில் விடுதி கட்டாது. அப்புறம் விடுதி எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 2015இல் எனக்குத் தெரிந்த இரண்டு பையன்களை, விடுமுறை விட்டாகிவிட்டது, எல்லோரும் ஊருக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திருச்சிப் பையனாவது எப்படியாவது பஸ் பிடித்துப் போவான். ரயில் இல்லை, விமானம் இல்லை, ருவாண்டாவுக்கு எப்படிக் கிளம்புவது?

சைதை_வீட்டம்மா

நான் வீடு வாடகைக்கு விடுகிறவள். சைதாப்பேட்டையில் கீழே இரண்டு போர்ஷன், மேலே நாங்கள். இங்கே வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது, ஏனென்றால் உண்மைதான்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் (2025 முதல் அதன் பெயர் ஃபார்ம் III) பதிய வேண்டும் என்பது எனக்கே 2016இல்தான் தெரியும். தெரிந்த பலரும் போலீஸ் வந்து போவார்கள், வம்பு என்று செய்வதில்லை. அதில் வம்பே இல்லை, ஆன்லைனில் அரைமணி வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு வீடு தரக் கூடாது என்று பேசினார்கள். நானும் தலையாட்டினேன். நல்ல மேட்டுத் தெருவில், முதல் மாடியில், காற்றோட்டமான வீடெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. வேறு யாரும் எடுக்காத வீடு, ஆற்றோரத்துக் கீழ்வீடு, அதுதான் கிடைக்கும். அதற்கும் வாடகை கூடக் கேட்பார்கள். நீங்கள் எழுதிய தான்சானியாப் பெண் அந்தத் தெருவில் இருந்ததற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம். 2015இல் எங்கள் கீழ்வீட்டில் ஏழடித் தண்ணீர். இருந்தவர்கள் முந்தின நாளே மேலே வந்துவிட்டதால் தப்பித்தார்கள், வராமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதிலிருந்து மாணவர்களுக்குக் கீழ்வீட்டை விடுவதில்லை, அது இப்போது கடையாகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரரிடம் உங்கள் ஊர் வீட்டு எண்ணைக் கொடுங்கள். ஒரு தடவை அம்மாவை வீடியோ காலில் காட்டுங்கள். முகம் பார்த்துவிட்டால் அப்புறம் எங்களுக்கும் உங்களை விட்டுவிட்டுப் போக மனம் வராது.

கிள்ளான்காரி

அம்மா, இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. எங்களுக்கு 11 வீட்டில் இல்லை என்று சொன்னார்கள். நான் மட்டும் போனால் உண்டு, அவளோடு போனால் இல்லை. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் வேறு வீடு எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் அந்த வீடு. அட்வான்ஸ் பத்து மாத வாடகை கொடுத்திருந்தோம். வெள்ளத்துக்குப் பிறகு சுண்ணாம்பு அடிக்க, மோட்டார் மாற்ற என்று அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், அவளிடம் இதைக் காட்டலாமா? இப்போது டார் எஸ் சலாமில் ஆசிரியையாக இருக்கிறாள்.

சைதை_வீட்டம்மா

காட்டும்மா. மொழிபெயர்த்துச் சொல்லு. என் சார்பில் மன்னிப்பும் கேள்.

மன்னார்_பொடியன்

நான் 2023. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடியில் நாலு பேர் இருந்தோம். இரண்டாம் மாடிதானே என்று கவலையே படவில்லை, டிசம்பர் 3 இரவு பிரியாணி சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படம் பார்த்தோம். புயல் சென்னைக்குள் வரவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம் 5ஆம் தேதிதான் கரையேறியது. ஆனால் சென்னைக்கு எதிரே கடலில் மெல்ல நகர்ந்துகொண்டே 3, 4 இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது.

தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் நாங்களும் வெளியே வர முடியவில்லை, நாலு நாள். மேல்மாடி என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் கவனியுங்கள், சம்ப்புக்குள், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள், சாக்கடைத் தண்ணீர் இறங்கிவிடும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, ஓடினாலும் அந்தத் தண்ணீரைத்தான் மேலே ஏற்றும். எங்களிடம் ஒரு 20 லிட்டர் கேன் இருந்தது, அதுவும் பாதி. கடைசி நாள் ஆளுக்கு மூன்று மூடி அளந்து குடித்தோம். கழிவறையில் தண்ணீர் எதிர்த்துப் பொங்கும், அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. எங்கள் மாடித் தட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள், மகன் அமெரிக்காவில். அவர்களுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் போய் வாங்கி வந்தோம். அதுவரை எட்டு மாதமாக அவர்களோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

அரசாங்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. எங்களிடம் ஏது ரேஷன் கார்டு. கேட்கவும் இல்லை, உள்ளூர்ச் சனங்களுக்குக் கிடைத்ததே போதும். ஆனால் புத்தகம், மடிக்கணினி, மெத்தை என்று கீழ்வீட்டில் இருந்த நேபாளப் பொடியன் எல்லாவற்றையும் இழந்தான், அவனுக்குக் கல்லூரிக்காரர்களாவது ஏதாவது செய்திருக்கலாம்.

இதையும் சொல்கிறேன், அந்த வீடு நின்ற இடம் சதுப்பு நிலம். 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், பத்திரிகையில் படித்துப் பெருமைப்பட்டேன். அடுத்த வருடம் அதற்குள்ளேயே குடியிருக்கிறேன் என்று விளங்கியது.

வார்டு_செவிலியர்

தண்ணீர் வடிந்த பிறகு வருவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். 2015இலும் 2023இலும் முகாம்களில் வேலை பார்த்தேன்.

வெள்ளத்தில் நடந்த காலில் சின்னக் கீறல் இருந்தால்கூட எலிக்காய்ச்சல் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர்தான் காரணம். உடனே தெரியாது, ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் செய்கிற தப்பு என்னவென்றால், சாதாரணக் காய்ச்சல் என்று அறையிலேயே மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள், செலவாகும் என்ற பயம். அரசு முகாமில் யார் வந்தாலும் பார்ப்போம், கார்டு கேட்க மாட்டோம், காசும் கேட்க மாட்டோம். வந்து, வெள்ளத்தில் நடந்தேன் என்று அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று மருத்துவர் பார்ப்பார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும். துணிக் குவியலில் கை விடாதீர்கள், பாம்பு இருக்கும். 2015இல் வெள்ளத்தில் தப்பித்து, வடிந்த பிறகு பாம்பு கடித்து வந்தவர்களை நானே பார்த்தேன்.

எண்களும் எழுதிவிடுகிறேன். மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108. தமிழ் தெரியாத பிள்ளைகள் வீட்டு முகவரியைத் தமிழில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கதவு எண், பழைய எண், புது எண் என்று குழம்பிவிடும். பக்கத்தில் இருக்கிற கோவில், பள்ளிக்கூடம், டீக்கடைப் பெயர் சொன்னால்தான் ஆட்கள் வந்து சேருவார்கள்.

முடிச்சூர்க்காரன்

பழைய எண் புது எண், மிகச் சரி. எங்கள் தெருவில் ஒரு படகு அரைமணி நேரம் வேறு தெருவில் சுற்றியது அதனால்தான்.

கிள்ளான் சகோதரி, அந்தப் பூக்கார அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

கிள்ளான்காரி

அவர்கள் வீடு முழுக்கப் போய்விட்டது. ஆற்றோரத்தில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றினார்கள், இவர்களையும். வீடு கிடைத்தது, ஆனால் பூ வியாபாரம் போனது. அங்கிருந்து கோயம்பேடு போய்ப் பூ எடுத்து, ஜாபர்கான்பேட்டைக்கு வந்து விற்க வேண்டுமானால் பஸ்ஸுக்கே பாதி நாள். மகன் ஓட்டுநர் வேலைக்குப் போகிறான். 2023இல் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நின்றது. அன்றைக்கு நான் இங்கிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. "அஞ்சாவது மாடிம்மா, ஒண்ணும் ஆகல, லிஃப்டுதான் ஓடல" என்றார். 2021இல் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் எங்கள் சித்தி வீடு மூழ்கியபோது அவர்தான் எனக்கு முதலில் போன் செய்தார். டிவியில் மலேசியா என்று காட்டினார்களாம்.

ஈக்காட்டுத்தாங்கல் வீட்டை அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்று காலை செய்தி வந்தது.

யாழ்_புதுசு

அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அண்ணனிடம் போய், 2015இல் இங்கே தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் எதிர் வீட்டுச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். பெயின்ட் அடித்தும் மங்கலாகத் தெரிகிறது. நான் ஐந்தடி ஏழு அங்குலம். கையை உயர்த்தித்தான் தொட்டேன். வீடு காட்டியவரோ, தெருவில் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான் என்றார்.

பாஸ்போர்ட் பை ஆணியில் தொங்குகிறது. தண்ணீர் கேன் இரண்டு வாங்கினேன். ஆனால் இந்த வீட்டில் இன்னொரு மழைக்கு இருக்க மனம் இல்லை. முதல் மாடியோ அதற்கு மேலோ, இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். என்னோடு இருக்கிறவர் எத்தியோப்பியர், தமிழ் தெரியாது, நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைதை_வீட்டம்மா

எங்கள் வீட்டில் மேல்மாடியில் ஒரு போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவர் பெயரையும் எழுதி அனுப்பு தம்பி, எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதோடு.